மேற்குப் பக்கத்து மூட்டைகள்

ஏப்ரல் 7, 1997, திங்கள்

பனிப்புயலில் ஹென்றி பிரீசனை நான் வாசலில் நிற்கவைத்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. அவர் கதவைத் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. சனிக்கிழமை தொடங்கிய காற்று ஞாயிறு முழுவதும் வீட்டைச் சுற்றி ஊளையிட்டது. அந்தச் சத்தத்தில் கதவு தட்டப்படுவதும் கூரைத் தகடு அடித்துக்கொள்வதும் ஒரே மாதிரித்தான் இருந்தன. யன்னலால் பார்த்தபோது வெளியே வெள்ளையாய் ஓர் உருவம் நின்றது உண்மை. அது யார் என்று நிச்சயப்படுத்தாமல் கதவைத் திறப்பது என் பழக்கமல்ல. மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அதற்குள் என் தங்கை லூர்து சமையலறையிலிருந்து ஓடிவந்து திறந்துவிட்டாள்.

"மனுசன் ஐஸ்கட்டியாப் போய் நிக்குது, நீங்கள் கண்ணாடி தேடுறியள் அக்கா!"

இன்று தொலைபேசி மறுபடி வேலைசெய்யத் தொடங்கியதும் முதலில் கூப்பிட்டவர் மிஸிஸ் வீப். இந்த ஊரில் எந்தச் செய்தியும் அவர் வாய்வழியாகத்தான் வெளியே போகும். "ஹென்றியின் காது உறைந்துவிட்டதாமே" என்றார். அவருடைய காது நலமாக இருக்கிறது. அந்தக் காதோடுதான் எங்கள் மேசையில் இருந்து இரண்டு கோப்பை தேநீர் குடித்தார்.

பிரீசன் கிழக்கே மேட்டு நிலத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். மனைவி மார்த்தா இறந்து சில வருடங்களாகின்றன. மின்சாரம் இல்லாததால் பாண் ரொட்டியும் விளக்குக்கு மண்ணெண்ணெயும் கொண்டுவந்தார். நன்றி சொன்னேன். ஆனால் சில விஷயங்களைக் குறித்துவைக்க வேண்டும். என் தங்கையின் பெயர் லூர்தம்மா. அவர் "லூ" என்கிறார். அவருக்குத் தமிழில் "ஓம்", "தேத்தண்ணி" என்று இரண்டு சொற்கள் தெரியும். இரண்டையும் கற்றுக்கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. லூர்து அவருக்கு இழுத்துப் போட்டது காலஞ்சென்ற என் கணவரின் நாற்காலியை. வேறு மூன்று நாற்காலிகள் இருந்தன.

அவருடைய சப்பாத்துப் பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர். நான்தான் துடைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

இவ்வளவு பனியும் உருகினால் ரெட் ஆறு இதுவரை காணாத அளவுக்குப் பெருகும் என்று வானொலி சொல்கிறது. இங்கே நிலம் மேசைபோலத் தட்டை. ஆறு கரையைத் தாண்டிவிட்டால் தடுக்க ஒன்றுமில்லை, தண்ணீர் தன் விருப்பத்துக்குப் பரவும். ஊரைச் சுற்றி மண் அணை இருக்கிறது. எங்கள் வீடு அந்த அணைக்கு வெளியே.

எழுபத்தொன்பதாம் ஆண்டு வெள்ளத்தில் தண்ணீர் மூன்றாம் படிவரை வந்தது. என் கணவர் அந்த அளவை வாசல் தூணில் பேனாக்கத்தியால் கீறி வைத்தார். அவர் இந்தப் பிரதேசத்தின் மிருக வைத்தியர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்தக் குளிரில், இந்த மனிதர்களிடம் மதிப்புச் சம்பாதித்தவர். டொக்டர் அருளப்புவின் வீடு என்றால் உதவிக்கு ஆட்கள் வருவார்கள் என்று லூர்துவிடம் சொன்னேன்.

"வருவினம் அக்கா. ஹென்றி ஏற்கெனவே எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டார்."

ஏப்ரல் 12, சனி

மத்தியானம் சோறு போடும்போது சொன்னாள்.

"அவர் கேட்டவர் அக்கா."

"என்னத்தை?"

"என்னைத்தான்."

கரண்டியைக் கீழே வைத்தேன். அவளுக்கு அறுபது வயது. யாழ்ப்பாணத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், கலியாணம் ஒன்றும் பொருந்தவில்லை. அம்மா கண்மூடிய பிறகு, எண்பத்தெட்டில், நாங்கள் அவளை இங்கே எடுத்தோம். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவளுக்கு என்ன குறை?

"நீ என்ன சொன்னனி?"

"தண்ணி வடியட்டும், பிறகு மறுமொழி சொல்லுறன் எண்டனான்."

"பனியே இன்னும் உருகேல்லை."

"ஓம். அதுதான் யோசிக்க நேரம் கிடக்கு."

"மாடு வளக்கிற ஆள், லூர்து."

"அத்தான் மாட்டுக்கு ஊசி போட்ட ஆள்தானே."

"அவை மாதாவைக் கும்பிடாத ஆக்கள். மெனனைற் சபை."

"நான் கும்பிடுவன். அவர் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டிருப்பார்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்கள் வேண்டாம் எண்டால் சொல்லுங்கோ" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழம்பில் உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னேன். உண்மையிலேயே குறைவாக இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

பாதை மூடியிருக்கிறது. பூசைக்குப் போக முடியவில்லை. லூர்து செபமாலையின் நடுவில் யன்னலைப் பார்த்தாள். ஒரு தடவை அல்ல.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரொறன்ரோவிலிருந்து மகன் றெஜி பேசினான். வெள்ளம் பற்றித்தான் முதலில் சொன்னேன், பிறகு மற்றதை. அவன் சிரித்தான்.

"சின்னம்மா கலியாணம் கட்டினா உங்களுக்கென்னம்மா? சந்தோசம்தானே."

"எனக்கு ஒண்டுமில்லை. ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"அங்க ஆக்களே இல்லை அம்மா. மாடுகள்தான் கதைக்கும்."

இவன் படித்தவன்.

ஏப்ரல் 18, வெள்ளி

பனி ஒரேயடியாக உருகுகிறது. வயல்களில் வானம் தெரிகிறது. இன்று வீட்டைச் சுற்றி மணல்மூட்டை அடுக்க ஆட்கள் வந்தார்கள். மணலும் வெற்றுப் பைகளும் இரண்டு பாரவண்டிகளில் வந்திறங்கின. நான் நீலச் சேலை உடுத்து, முத்துத் தோடு போட்டு, மேலே கோட் அணிந்து வாசலில் நின்று எல்லோரையும் பெயர் கேட்டு வரவேற்றேன். டொக்டரின் மனைவி அப்படிச் செய்வதுதான் முறை.

பெரிய மீசைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "லூ அண்டைக்கு லாந்தர் பிடிக்காட்டி என்ர குதிரை குட்டியோட செத்திருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"மருத்துவம் பார்த்தவர் என் கணவர்" என்றேன்.

"ஓம், ஓம். டொக்டரும் நிண்டவர்."

என் கணவர் கடைசி மூன்று வருடங்கள் இரவு அழைப்புகளுக்கு லூர்துவைக் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் கேட்டார்தான். மாட்டுக் கொட்டிலின் வாடை எனக்கு ஒத்துவராது. ஆகவே போகவில்லை. அதனால் ஒவ்வொரு பண்ணையிலும் அவளைத் தெரிகிறது. இன்று வந்தவர்கள் எத்தனை பேர் யாருக்காக வந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது பண்பல்ல.

மூட்டை நிரப்பும் விதம் எனக்குத் தெரியாமல் இல்லை. வானொலியில் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். பாதி நிரப்ப வேண்டும், வாயைக் கட்டாமல் மடித்து அடியில் கொடுக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று சாயும்படி வைத்துக் காலால் மிதிக்க வேண்டும். நான் என் முதல் மூட்டையைக் கொஞ்சம் தாராளமாக நிரப்பிவிட்டேன். அவ்வளவுதான். அதற்கு லூர்து அத்தனை பேருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"அக்கா, பாதி போதும்! முட்ட நிரப்பினா உருளும், படுக்காது. ஊரில பங்கருக்கு எத்தினை மூட்டை அடுக்கினனான், எனக்குத் தெரியாதே?"

அவள் சொன்னதை ஆங்கிலத்திலும் சொன்னாள். பிரீசன் மணல்வாரியை உயர்த்தி, "இவதான் எங்கட எஞ்சினியர்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து வணங்கினாள். மேடைக்காரிபோல.

யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்து ஆட்கள் பதுங்குகுழிகளுக்கு ஓடிய காலத்தில் நான் இங்கே இருந்தேன். அது என் தவறல்ல. அதை அவள் என்னிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இன்றும் சொல்லிக்காட்டவில்லை. ஆனாலும்.

மேற்குப் பக்கத்தை, சமையல் தோட்டத்தின் ஓரத்தை, நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். உயர்பள்ளிப் பெண்கள் ஆறுபேர் என்னோடு. கன்னியர்மடத்தில் மதர் எம்மானுவேல் எங்களுக்குத் தலையணை நிரப்பக் கற்றுக்கொடுத்தார். மூலை நான்கும் நிறைய வேண்டும், எங்கும் தொய்வு இருக்கக்கூடாது. என் மூட்டைகள் அப்படி இருந்தன. ஒவ்வொன்றையும் நிறைத்து, வாயை இரட்டை முடிச்சால் கட்டச் செய்தேன். வரிசை பிசகாமல் அடுக்கினோம். மற்றப் பக்கங்களில் மூட்டைகள் களைத்துப்போய்ப் படுத்த பன்றிகள்போலக் கிடந்தன. என்னுடையது சுவர்.

மாலையில் பிரீசன் அந்தப் பக்கம் வந்து, ஒரு மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். லூர்து அவருக்குப் பக்கத்தில் நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். குறை ஏதும் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

ஏப்ரல் 19, சனி

பிரீசன் காலையில் ட்ரக்டரில் ஒரு பாரம் மூட்டை கொண்டுவந்து மேற்குப் பக்கம் நிறுத்தினார். "வெளிப்பக்கமா இன்னொரு வரிசை போடுவம், மிஸிஸ் அருளப்பு. ஒரு காப்புக்கு."

"என் பக்கம் முடிந்துவிட்டது. அது யாருக்கு அதிகம் தேவையோ அங்கே கொண்டுபோங்கள்" என்றேன்.

அவர் லூர்துவைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் இப்போது அவளைப் பார்க்கிறார். அது அவளுடைய வீடல்ல. என் வீடு. மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுபோனார்.

ஏப்ரல் 23, புதன்

வெளியேறச் சொல்லி உத்தரவு. நகரத்தில் தங்குமிடம் தருகிறார்கள், மண்டபத்தில் வரிசையாகக் கட்டில்கள். லூர்து என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டாள். மேட்டு நிலத்தில் ஹென்றியின் வீட்டில் தங்குகிறோம் என்று. மாடுகள் இருப்பதால் அவருக்கு அங்கே இருக்க அனுமதி உண்டு. எங்கள் வீட்டு மூட்டைச் சுவருக்குள் கசியும் தண்ணீரை இறைக்கும் பம்ப்புக்கு நாள்தோறும் எண்ணெய் ஊற்றவும் யாராவது வேண்டுமாம்.

மண்டபமா மாட்டுப் பண்ணையா என்று யோசித்தேன். மண்டபத்தில் மிஸிஸ் வீப் இருப்பார்.

ஏப்ரல் 24, வியாழன்

பிரீசன் வீடு சுத்தமாக இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு மார்த்தாவின் தையல் அறை. யன்னல் மேற்கே பார்க்கிறது, தூரத்தில் எங்கள் வீட்டுக் கூரை தெரிகிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் லூர்து சமையலறையில் நின்றபடி, பேசிக்கொண்டே, பார்க்காமலே, ஓர் இழுப்பறையைத் திறந்து கரண்டிகளை எடுத்தாள். பிறகு இன்னொன்றைத் திறந்து மேசைத் துணி. அது அடியில், பழைய துணிகளுக்குக் கீழே இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் ஊர் நூலகத்துக்குப் போவதாக இவ்வளவு காலமும் சொல்லி வந்தாள்.

ஏப்ரல் 26, சனி

பறவைகள் பார்த்தேன். என் கணவரின் தொலைநோக்கியைக் கையோடு கொண்டுவந்தது நல்லது. வேலிக்கு வெளியே நின்று நொண்டும் மாட்டைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்தது. இப்போது வேலியும் இல்லை, வயலும் இல்லை. அடிவானம்வரை பழுப்புத் தண்ணீர், நடுவில் தந்திக் கம்பங்கள், தானியக் குதிர்களின் தலைகள், மிதக்கும் வைக்கோல் கட்டுகள். வாத்துகள் ஏராளம்.

காலையில் பிரீசனும் லூர்துவும் எங்கள் வீட்டுக்குப் போன படகு மத்தியானம் தாண்டித்தான் திரும்பியது. பம்ப்புக்கு எண்ணெய் ஊற்ற அவ்வளவு நேரம் தேவையில்லை. திரும்பும்போது பாதி வழியில் அவர் துடுப்பை நிறுத்தி ஏதோ சொன்னார். லூர்து தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது.

எதற்குச் சிரித்தாய் என்று கேட்டேன்.

"எப்ப? ஞாபகமில்லை அக்கா. நீங்கள் எப்பிடிக் கண்டனீங்கள்?"

வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

படகு. மறுபடி மத்தியானம் தாண்டி.

நானும் வருகிறேன் என்று சொன்னேன். படகில் மூன்று பேருக்கு இடமில்லையாம். ஒரு பெரிய எண்ணெய்க் கலனுக்கு இடம் இருந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

வீடு போய்விட்டது.

அவர்கள் திரும்பியபோது லூர்துவின் உடுப்பெல்லாம் நனைந்து, உதடு நீலமாக, பிரீசனின் மேலங்கிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். பம்ப்புக்கு அருகே அவள் குனிந்திருந்தபோது மூட்டைச் சுவர் சரிந்து தண்ணீர் அவளை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அவர் வாசல் தூணில் கயிற்றைக் கட்டி இறங்கி அவளைப் பிடித்திருக்கிறார். அவருடைய கையில் கயிறு அறுத்த காயம். வீட்டுக்குள் தண்ணீர் யன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டதாம்.

அவளுக்கு உடுப்பு மாற்றி, கம்பளி போர்த்தி, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். அவர் கோழிச் சூப் கொண்டுவந்தார். அவள் முதலில் கொத்தமல்லியைக் குடித்தாள் என்பதைக் குறித்து வைக்கிறேன்.

பிறகு கேட்டேன், எந்தப் பக்கம் உடைந்தது என்று.

பிரீசன் வாயைத் திறந்தார். லூர்து முந்திக்கொண்டாள். "வடக்குப் பக்கம் அக்கா."

வடக்குப் பக்கம் பிரீசன் அடுக்கியது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "ஓம்" என்றார்.

நான் அப்போதே நினைத்தேன். அரைகுறையாக நிரப்பி, வாயைக்கூடக் கட்டாமல் விட்டால் வேறென்ன ஆகும்? ஒரு வேலையைச் செய்தால் நிறையச் செய்ய வேண்டும். கைதட்டி எஞ்சினியர் என்று கூப்பிட்டால் சுவர் நிற்காது. என்றாலும் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அந்த மனிதர் என் தங்கையைத் தண்ணீரிலிருந்து தூக்கியிருக்கிறார். அந்த அளவுக்கு எனக்கும் மரியாதை தெரியும்.

ஏப்ரல் 30, புதன்

காற்றில்லை. வானம் தெளிவு. தொலைநோக்கியால் பார்த்தேன்.

வடக்குச் சுவர் நிற்கிறது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கிழக்கும் நிற்கிறது. வீட்டுக்கு அப்பால், மேற்கு மூலையோடு சுவர் முடிகிறது, அதற்குப் பிறகு வெறும் தண்ணீர். அந்த மூலையில் என் மூட்டைகள் சில மட்டும் சுவர்மேல் சரிந்து கிடந்தன. தூரத்திலிருந்து பார்க்கவும் உருண்டையாக, கட்டுக் குலையாமல் இருந்தன.

மே 2, வெள்ளி

லூர்துவுக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி. ஆறு ஊருக்குக் கிழக்கேயும் பரவியதால் வைத்தியர் படகில்தான் வந்தார். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தது காரணம் என்றார். எல்லோருக்கும் தெரிந்த காரணம்.

பிரீசன் பகல் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு இருந்தார். இடத்தை நான் வந்து எடுக்கும்வரை எழும்பவில்லை. நான் எடுத்த பிறகும் கதவடியில் நின்றார். அவள் தூக்கத்தில் ஒரு பெயர் சொன்னாள். என் பெயர் அல்ல. அவர் பெயரும் அல்ல. "அம்மா" என்றாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மே 4, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. கர்த்தருக்கு நன்றி.

மிஸிஸ் வீப் நகரத்து மண்டபத்திலிருந்து கூப்பிட்டார். அங்கே எல்லோரும் பிரீசனைக் கேலி செய்கிறார்களாம். இத்தனை வெள்ளம் கண்டவர், இரண்டு பெண்பிள்ளைகளின் வீட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டார் என்று. அவரே எல்லோரிடமும் வடக்குப் பக்கம் தன் பிழை என்று சொன்னாராம். "உனக்கு அந்த ஆள் மேல் கோபம் வராதா ஜெசிந்தா?" என்றார்.

தொலைபேசியில் இரைச்சலாக இருந்தது. அதனால் வைத்துவிட்டேன்.

மே 7, புதன்

லூர்து எழும்பி யன்னலடியில் இருந்தாள். நான் அவளுடைய தலையைச் சீவிக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னாள்.

"ஹென்றிக்கு மறுமொழி சொல்லப் போறன் அக்கா."

என் கை நிற்கவில்லை. "சொல்லு."

"இல்லை எண்டு."

"ஏன்?"

"வீடு போயிட்டுது. உங்களைத் தனிய விட ஏலுமே? றெஜி ரொறன்ரோவுக்கு வரச் சொல்லுவான். அங்க மருமகளோட நீங்கள் ரெண்டு கிழமை தாக்குப்பிடிப்பியள். மூண்டாங் கிழமை பொலிஸ் வரும்."

என்னைச் சிரிக்கவைக்கத்தான் அப்படிச் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

நான் விரும்பியது கிடைத்தது. இந்தக் குறிப்பில் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நான் பொய் எழுதுவதில்லை. பனிப்புயல் அன்று அந்த வெள்ளை உருவத்தை யன்னலால் கண்ட நேரத்திலிருந்து நான் விரும்பியது இதைத்தான். சீப்பில் அவள் முடி வந்தது, முழுவதும் நரை. அதை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

"ஏன் வடக்குப் பக்கம் எண்டு சொன்னனி?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "கண்டிட்டியளோ?"

"எனக்குக் கண் இருக்குது."

"நீங்கள் அவ்வளவு வடிவாக் கட்டியிருந்தியள் அக்கா. ஒவ்வொரு முடிச்சும். எப்பிடிச் சொல்லுறது?"

"அவர் திருத்த வந்தவர். நீ தலையாட்டினனி."

"ஓம். அதுவும் என்ர பிழைதான்."

என் மூட்டையால் அவள் தண்ணீரில் விழுந்தாள். அதை என்னிடமிருந்து மறைத்தாள். அந்த மனிதரையும் மறைக்கச் செய்தாள். இப்போது என்னைப் பார்த்துப் பாவப்பட்டு அவரையும் வேண்டாம் என்கிறாள். என் தங்கை எனக்குப் பிச்சை போடுகிறாள், நான் கன்னியர்மடத்தில் முதல் பரிசு வாங்கியபோது தவழ்ந்துகொண்டிருந்தவள்.

"தண்ணி வடியட்டும் எண்டு சொன்னனி" என்றேன். "எட்டிப் பார். வடிஞ்சிட்டுதோ?"

"இல்லை..."

"அப்ப ஒண்டும் சொல்லாதை. வாக்குக் குடுத்தால் அதன்படி நட. தண்ணி வடியாமல் நீ அந்த ஆளுக்கு ஒரு மறுமொழியும் சொல்லக்கூடாது."

பின்னலை இறுக்கிக் கட்டினேன். "நோகுது அக்கா" என்றாள். அவிழ்த்துத் தளர்வாகப் பின்னினேன்.

மே 8, வியாழன்

மார்த்தாவின் ரப்பர் சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனேன். வாழ்நாளில் முதல் தடவை. வாடை நான் நினைத்த அளவுக்கு இல்லை. அதைவிட மோசம்.

பிரீசன் ஒரு கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பினார்.

"இருங்கள்" என்றேன். "உங்களுக்கு எப்போது ஞானஸ்நானம்?"

"பத்தொன்பது வயதில. எங்கட சபையில வளந்த பிறகுதான்."

"தண்ணீரிலா?"

"தலையில ஊத்தினவை."

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால்?"

"ஓம்" என்றார், தமிழில்.

அது செல்லும். அவருடைய முதல் மனைவியின் மரணச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். பிள்ளைகள் இல்லை. மது அருந்துவதில்லை. மாதா படம் வீட்டில் மாட்டினால் மறுப்பில்லையாம், எந்தச் சுவர் என்று லூ சொன்னால் போதுமாம்.

கன்று அவருடைய முழங்கையை இடித்தது. போகத் திரும்பிய நான் நின்று சொன்னேன்.

"உடைந்தது மேற்குப் பக்கம்."

"தெரியும்."

"ஊரில் வடக்கு என்கிறார்கள்."

"லூ வடக்கு எண்டு சொன்னவ. நான் அவவோட வாதாட மாட்டன், அக்கா."

அக்கா என்று கூப்பிட நான் அனுமதி கொடுக்கவில்லை. கன்றின் முன்னால் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழுவி வைத்துவிட்டு மிஸிஸ் வீப்பைக் கூப்பிட்டேன். "ஊரில் சொல்வது தவறு. விழுந்தது மேற்குப் பக்கம். அதை நிரப்பியவள் நான். எல்லோரிடமும் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் சீக்கிரம் போகும்" என்றேன். அவருக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை வருடத்தில் இதுவே முதல் தடவை.

மே 18, ஞாயிறு

தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. வேலிக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. படகில் போய் வீட்டைப் பார்த்தோம், மூன்று பேரும். இடம் இருந்தது. சேறு, வீங்கிய கதவு, கவிழ்ந்து கிடந்த கணவரின் நாற்காலி. கால் உடையவில்லை. வாசல் தூணில் எழுபத்தொன்பதின் கீறலுக்கு மேலே, என் தலைக்கும் மேலே, புதிய தண்ணீர்க் கறை. பிரீசன் பேனாக்கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் எட்ட முடியாததால் லூர்து கீறினாள்.

வீட்டைத் திருத்தி நான் அங்கேதான் இருப்பேன். தையல் அறை இருக்கட்டும் என்று இருவரும் சொன்னார்கள். நன்றி சொன்னேன். மேட்டு நிலத்து வீட்டின் சமையலறை விளக்கு என் கட்டிலிலிருந்து தெரியும்.

லூர்து நேற்று மறுமொழி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவர் காலையில் மாடுகளிடம் பாடிக்கொண்டிருந்தார்.

பங்குக் குருவுக்கு இன்று எழுதிய கடிதத்தை இங்கே தமிழில் பிரதி செய்து வைக்கிறேன்.

வணக்கத்துக்குரிய சுவாமி அவர்களுக்கு,

என் தங்கை செல்வி லூர்தம்மா, வயது அறுபது, உங்கள் பங்கைச் சேர்ந்தவர். அவர் மெனனைற் சபையைச் சேர்ந்த திரு. ஹென்றி பிரீசன் என்பவரை மணம்செய்ய ஆயரின் அனுமதியைக் கேட்கிறேன். திரு. பிரீசன் முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவர், மனைவியை இழந்தவர். நானே விசாரித்தேன். அவருடைய ஒழுக்கத்துக்கு நான் சாட்சி. அவர் தன்னுடையதல்லாத ஒரு பிழையைத் தன்னுடையது என்று சொன்னார். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் பொய்யாகக் கொள்ள வேண்டுமா என்பதை உங்கள் தீர்ப்புக்கு விடுகிறேன்.

ஒரு விண்ணப்பம். அனுமதிப் பத்திரத்தில் நிபந்தனைகள் எழுதுவது வழக்கம் என்று அறிகிறேன். ஞாயிறு பூசைக்குப் பின் மணமகள் தன் மூத்த சகோதரியின் வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட வேண்டும், மாலைவரை அங்கே இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருமா? அவர் கணவரையும் கூட்டிவரலாம். கட்டாயமில்லை.

இடம் தருமா, தராதா என்பதைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். என் தங்கை எடுத்துவிடுவாள். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

இங்ஙனம்,
ஜெசிந்தா அருளப்பு